ஒரு சாதனைக்கு நான்கு பேர்

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் தமயந்தியின் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் ரெஸ்யூம் அடிக்க வருகிறவர்கள்.

ரெஸ்யூமுக்குப் பத்து வருஷமாக அவள் ஒரே ஒரு மாதிரியைத்தான் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். முன்பு கடையில் வேலை பார்த்த ஒரு பெண் எங்கிருந்தோ இறக்கி வைத்துவிட்டுப் போனது. சுற்றிலும் இரட்டைக் கோடு, மூலைக்கு ஒரு பூ. பெயர், ஊர், படிப்பு, மார்க், இவற்றை மட்டும் மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். யார் வந்தாலும் அவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவர். பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட் ஆடுவதும் அவருக்குப் பிடிக்கும். ஐம்பது வயதுத் தையல் டீச்சர் ஒருவருக்கும் கிரிக்கெட் பிடிக்கும் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். அவரும் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மோனிகா வந்தாள். பி.காம் முடித்தவள். முந்தின வாரம்தான் தமயந்தியிடம் ரெஸ்யூம் அடித்துக்கொண்டு சென்னைக்கு இன்டர்வியூ போயிருந்தாள்.

"அக்கா, என் பேப்பரையும் இன்னொரு பொண்ணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிகினு அந்த சார் படிச்சாருக்கா. ஒரு எழுத்து மாறல. ரெண்டு பேரும் திருத்தணியான்னு கேட்டாரு."

"அது யாரு அந்தப் பொண்ணு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் கிரிக்கெட் ஆடுமாம். என்னைப் பாத்து நீ பேட்டிங்கா பௌலிங்கான்னு கேட்டாரு. நான் பேட்டிங்குன்னேன். எத்தனாவது எறங்குவேன்னு கேட்டாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியலக்கா."

மோனிகா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைக் கிரிக்கெட் ஆட அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். மோனிகா போன பிறகு அந்த மாதிரியை அழித்தாள். பூவோடு சேர்த்து.

அதற்குப் பிறகு ரெஸ்யூம் என்று யார் வந்தாலும் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்க ஆரம்பித்தாள். என்ன செய்தீர்கள், முன்னால் எப்படி இருந்தது, அப்புறம் எப்படி ஆனது. முதலில் மாட்டியவர் ஒரு ஓட்டல் மாஸ்டர்.

"தோச சுட்டேன். முன்னாடி மாவா இருந்துச்சு. அப்புறம் தோச ஆச்சு."

தமயந்தி விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தோசை என்று கேட்டாள். கிருத்திகை அன்றைக்கா, சாதா நாளா என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டுக்கும் எண் வாங்கி எழுதினாள். அந்த மனிதருக்குத் திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை கிடைத்துவிட்டது. ரெஸ்யூமினால்தான் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. தமயந்தி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்த சமயம். மணவூர் பக்கம் ஒரு ஃபேன் கம்பெனியின் குடோன் இருந்தது. அதை மாதக் கடைசியோடு மூடி ஒசூருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று செய்தி வந்தது. வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம். அதே வாரம் திருவள்ளூர் ரோட்டில் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் வைத்து அனுப்பும் புதிய குடோன் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. மேற்பார்வையாளர் ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பில் போடுகிறவர், சரக்கு பார்ப்பவர். விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். கீழே ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: முன்பு பார்த்த வேலையில் நீங்கள் செய்த சாதனையை எண்களோடு எழுதவும்.

அந்த வரியைப் படித்ததும் தமயந்திக்கு, தன்னைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை அசோக்குமார் வந்தார். ஃபேன் குடோனில் சூப்பர்வைசர், நாற்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. கடைக்குள் வந்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, அது தங்கள் கம்பெனி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒரு லாரிக்கு லோடு ஏத்த நாலு மணி நேரம் ஆவும் மேடம். நான் ஒரு மொற கொண்டாந்தேன். இப்ப ஒன்னே முக்கால் மணி நேரம்."

தமயந்தியின் விரல்கள் கீபோர்டில் ஒரு நொடி நின்றன. முன்னால், பிறகு, எண், மூன்றும் ஒரே மூச்சில் வந்து விழுந்ததில்லை இதுவரை. பரபரவென்று அடித்தாள். முக்கால் பக்கத்துக்கு வந்தது.

கிளம்பும்போது அசோக்குமார் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரிய வேணாம் மேடம். நானும் ஒசூர் வரேன்னு பசங்க நம்பிகினு இருக்காங்க. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாங்க."

செவ்வாய்க்கிழமை வேடியப்பன் வந்தான். முப்பது வயது இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"நாலு மணி நேரம் ஆன லோட ஒன்னே முக்கால் மணி நேரமா ஆக்கனேங்க," என்றான்.

தமயந்தி அவனைப் பார்த்தாள். "எந்த குடோன்?"

"மணவூராண்ட, ஃபேன் குடோன்."

"நீ ஒருத்தனாவா ஆக்கன?"

"வண்டி ஓட்றது யாருங்க? பெட்டி தானா எகிறி லாரில உக்காருமா?"

அதுவும் நியாயம்தான் என்று அடித்தாள். அவனும் போகும்போது வாசலில் நின்று திரும்பினான். "அசோக் சாருக்குத் தெரியாம பாத்துக்கோங்க. அவரு ஒசூரு போறாரு, நானும் கூட வரேன்னு சொல்லிட்டேன்."

புதன்கிழமை ஷாலினி வந்தாள். பில் போடுகிற பெண், கல்யாணமாகி ஆறு மாதம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக ஆரம்பித்தாள்.

"எங்க குடோன்ல முன்னாடி ஒரு லாரிக்கு..."

"நாலு மணி நேரம் ஆவும்," என்றாள் தமயந்தி.

"ஆங். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இப்ப ஒன்னே முக்கால் ஆவுது. நீதான் கொறச்ச. அதானே?"

ஷாலினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பெயர் இவ்வளவு தூரம் பரவியிருப்பது அவளுக்குத் தெரியாது. "பில்லு வந்தாதானேக்கா பெட்டி நவுரும்," என்றாள் அடக்கமாக. பிறகு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். குடோனில் மற்ற எல்லோரும் ஒசூர் போகிறார்களாம். இவள் மட்டும் நழுவுகிற மாதிரி இருக்குமாம்.

ஷாலினி போன பிறகு மூன்று பேப்பரையும் தமயந்தி மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். வேறு வேறு பெயர். வேறு வேறு போட்டோ. நடுவில் ஒரே சாதனை, ஒரே எண்ணோடு. வெள்ளிக்கிழமை மூன்றும் ஒரே கடையிலிருந்து ஒரே மெயிலுக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். இந்தத் தடவை மாதிரியைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அவளே அடித்தது.

வியாழன் காலை கடை திறந்தபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் தணிகாசலம். அதே குடோனில் சரக்கு எண்ணிப் பார்க்கிற வேலை, பதினாறு வருஷமாக. கையில் பிளாஸ்டிக் கவரில் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்.

"ரெஸ்யூம் அடிக்கணுமாம்," என்றார், வேறு யாருக்கோ வேண்டும் என்பதுபோல. "வீட்ல ஜெயம்மா அனுப்பிச்சா."

தமயந்தி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரச் சொன்னாள். "சொல்லுங்க. நாலு மணி நேரத்த ஒன்னே முக்காலா ஆக்கனீங்களா?"

"இல்லீங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "அப்ப என்ன செஞ்சீங்க பதினாறு வருஷமா?"

"குடோன்ல இருந்தேங்க."

"அந்த லாரி விசயம் தெரியுமா உங்களுக்கு? லோடு ஏத்தற நேரம் கொறஞ்சிச்சாமே?"

"ஆங், அதுவா. அது நாங்க எல்லாரும் சேந்து செஞ்சது."

"எப்படிச் செஞ்சீங்க?"

தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன்னைப் பற்றிக் கேட்டபோது இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், பெட்டியைப் பற்றி என்றதும் பேச ஆரம்பித்துவிட்டார். "லாரி இங்கிருந்து நகரி, புத்தூர், திருப்பதின்னு போவுங்க. நகரி பெட்டி மொதல்ல எறங்கணும், அப்ப அது கதவாண்ட இருக்கணும். திருப்பதி பெட்டி கடைசி, அது உள்ள போவணும். ஆனா குடோன்ல மாடல் மாடலாதான் அடுக்கி இருக்கும். லாரி வந்த அப்புறம் நாலு பக்கமும் தேடித் தேடி எடுப்போம். பாதி ஏத்திட்டு இருக்கும்போதே திருப்பதி பெட்டி பத்து வெளிய நின்னுகினு இருக்கும். மறுபடி எறக்கி மறுபடி ஏத்துவோம். அதனால முந்தின நாளே ஊர் ஊரா பிரிச்சி வச்சிட்டோம். தரையில சாக்பீஸால கட்டம் போட்டு ஊர் பேரு எழுதிட்டோம். காலையில லாரி வந்தா எடுத்து ஏத்த வேண்டியதுதான்."

"தரையில எழுதனது யாரு?"

"நம்ம கையெழுத்து கொஞ்சம் சுமாரா இருக்குங்க."

"அப்ப நீங்கதான் எழுதனீங்க. யோசிச்சதும் நீங்களா?"

தணிகாசலம் சர்டிபிகேட் கவரை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினார். "யோசிக்க என்னங்க இருக்குது அதுல. சாக்பீஸ் ஷாலினி வாங்கினு வந்துச்சு."

தமயந்தி அவரை மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னாள். பிறகு மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டாள். மூன்று பேரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்: உங்க ரெஸ்யூம்ல ஒரு தப்பு இருக்குது, நாலு மணிக்கு வந்தா சரி பண்ணிக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது அசோக்குமார். அவர் ஸ்டூலில் உட்காரும்போது ஷாலினி படியேறினாள். அவரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இந்தப் பக்கம்?"

"ரேஷன் கார்டு ஜெராக்ஸ் சார். நீங்க?"

"வருமானச் சான்று," என்றார் அசோக்குமார்.

வேடியப்பன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான். யாரும் கேட்காமலேயே, ஆதாரில் போன் நம்பர் மாற்ற வந்ததாகச் சொன்னான். மூன்று பேரும் ஜெராக்ஸ் மெஷினை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி மெஷினில் பேப்பர் நிரப்பினாள்.

கடைசியாகத் தணிகாசலம் வந்தார். சக ஊழியர்களைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"எல்லாரும் வந்துட்டீங்களா," என்றார். "நானும் ரெஸ்யூம் அடிக்கத்தான் வந்தேன். திருவள்ளூர் ரோட்டு குடோனுக்குத்தானே?"

திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடையைத் தாண்டிப் போனது.

"பாவா," என்றான் வேடியப்பன். தணிகாசலத்தின் மனைவி அவனுக்கு அக்கா முறை. "நீ ஒசூரு போறேன்னு சொன்னியே."

"நான் எப்படா சொன்னேன்? நீங்க மூணு பேரும் போறோம்னு சொல்லிகினு இருந்தீங்க. நான் கேட்டுகினு இருந்தேன்."

தமயந்தி மூன்று பேப்பரையும் எடுத்தாள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் ஒவ்வொரு பேப்பரிலும் சாதனை என்று போட்டிருந்த பகுதியைத் தமிழில் சொல்லி வாசித்தாள். முதல் பேப்பரில் அசோக்குமார் தனி ஆளாக லாரியை விரைவுபடுத்தினார். இரண்டாவதில் வேடியப்பன் தனி ஆளாக அதையே செய்தான். மூன்றாவதை வாசிக்க ஆரம்பித்தபோது ஷாலினி, "போதும்க்கா," என்றாள்.

அசோக்குமாருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "சூப்பர்வைசர் நான். என் குடோன்ல நடந்தா அது நான் செஞ்சதுதான்."

"தரையில எழுதனது பாவா," என்றான் வேடியப்பன்.

"அப்ப நீ ஏன்டா உன் பேருல போட்ட?"

"கட்டத்துக்கு நடுவுல வண்டி போவ வழி வேணும்னு சொன்னது யாரு? பாவா போட்ட கோட்டுல வண்டி திரும்பவே திரும்பாது. ரெண்டு தபா பெட்டிய இடிச்சிட்டு, ஏழடி வழி விட்டு மறுபடி கோடு போட்டது நான் சார்."

"பில்லு எழுத்து வரிசையில வந்துகினு இருந்துச்சு," என்றாள் ஷாலினி. "அத்த ஊர் வரிசையா மாத்தி, முந்தின நாள் மூணு மணிக்கே எடுத்துக் குடுத்தது நான். அது இல்லன்னா தணிகாசலம் அண்ணா எத்த வச்சிப் பிரிப்பாரு?"

தமயந்தி இதையெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தாள். ஏழடி. மூன்று மணி. சண்டை போடும்போது மனிதர்கள் எவ்வளவு துல்லியமாகப் பேசுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக் கேட்டபோது இதில் பாதிகூட வரவில்லை.

"அந்த ஒன்னே முக்காலு," என்றார் தணிகாசலம் தயக்கத்தோடு. "அது சரியில்லீங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அது ஒரே ஒரு நாளு வந்துச்சு. அன்னிக்கிப் புத்தூர் கடைக்காரு ஆர்டர கேன்சல் பண்ணிட்டாரு. லாரில பாதிதான் லோடு. கேட் ரிஜிஸ்டர்ல மூணு மாசம் பாத்தேன். ரெண்டே கால் மணி நேரம்தான் வருது."

"ஆமா," என்றாள் ஷாலினி. "ரிப்போர்ட்லயும் ரெண்டே கால்னுதான் போட்டேன்."

"ஒன்னே முக்கால்னா கேக்கறதுக்குக் கெத்தா இருக்குமே," என்றார் அசோக்குமார்.

"இருக்கும் சார்," என்றாள் தமயந்தி. "அவங்க நேர்ல கூப்புட்டு எப்படி வந்துச்சு இந்த நேரம்னு கேட்டா, புத்தூர் கடைக்காரர சொல்லுவீங்களா?"

"சரி, ரெண்டே காலே போடுங்க," என்றார் அசோக்குமார். மற்ற மூன்று பேருக்கும் எழுதுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. யோசனை தணிகாசலத்துடையது, வழி வேடியப்பனுடையது, பில் ஷாலினியுடையது. தமயந்தி அசோக்குமார் பக்கம் திரும்பி, கொஞ்சம் மென்மையாகவே கேட்டாள். "நீங்க இதுல என்ன செஞ்சீங்க சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் திறந்து மூடினார். நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துவிட்டு, இது குடோனா பள்ளிக்கூடமா என்று கேட்டவர் அவர். துடைப்பம் எடுத்துவரச் சொன்னவரும் அவர்தான்.

"எங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசனது சார்தான்," என்றார் தணிகாசலம்.

அசோக்குமார் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலாவது நாளு மேனேஜர் வந்தாருங்க. தரையப் பாத்துட்டு யாருடா இத்த கிறுக்கனதுன்னு கத்தனாரு. நான் ஒரு பெட்டிக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தேன். சார்தான் முன்னாடி போயி, நான்தான் எழுதச் சொன்னேன், மூணு வாரம் டைம் குடுங்க, சரி வரலன்னா என்னைக் கேளுங்கன்னாரு. அன்னிக்கி சார் அப்படிச் சொல்லலன்னா அன்னிக்கே அழிச்சிருப்பாங்க. எனக்கு மெமோ குடுத்திருப்பாங்க."

"நெஜமாவா சார்?" என்றாள் ஷாலினி. அவளுக்கு இது தெரியாது.

"அது... ஆள் கம்மி. அந்த நேரத்துல தணிகாவ அனுப்பிட்டா சரக்கு யாரு எண்ணுவா," என்றார் அசோக்குமார். காதுமடல் சிவந்திருந்தது. ஒரு சாதனையை முழுசாகத் தனதென்று சொன்னபோது கூசாத மனிதர், தான் செய்த ஒன்றை இன்னொருவர் சொல்லக் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜெராக்ஸ் மெஷினையே பார்த்தார்.

தமயந்தி அதை அடித்தாள். ஊழியர் ஒருவர் கண்டுபிடித்த புதிய முறைக்குத் தன் பொறுப்பில் நிர்வாகத்திடம் மூன்று வாரச் சோதனை அனுமதி பெற்றார். அதன் விளைவாக ஒரு லாரியின் நேரம் நான்கு மணி நேரத்திலிருந்து இரண்டே கால் மணி நேரமாகக் குறைந்தது. படித்துக் காட்டினாள். அசோக்குமார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

தணிகாசலத்தினுடையதுதான் கடைசி. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஊர்வாரியாகப் பிரித்து வைக்கும் முறையை வடிவமைத்தேன் என்று அவள் அடித்துப் படித்துக் காட்டியதும், வடிவமைத்தோம் என்று மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"முடியாதுங்க. வேலை கேக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"நான் நான்னு இருக்கறது ஒரு மாதிரி இருக்குதுங்க."

"ஒரே ஒரு வரிக்கு இருக்கட்டும் பாவா," என்றான் வேடியப்பன். "கடிக்காது."

நான்கு பேப்பரும் வெள்ளிக்கிழமை மத்தியானமே மெயிலில் போயின. சனிக்கிழமை நான்கு பேருக்கும் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை நேர்காணல்.

இடையில் ஞாயிறன்று ஆடிக் கிருத்திகை. வேடியப்பன் காவடி எடுத்து மலையேறி, போன வருஷம் நேர்ந்துகொண்டபடி மொட்டை போட்டுவிட்டு வந்தான். நேர்காணலுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று வீட்டில் சொல்லியும் கேட்கவில்லை. சாமிக்குத் தேதி மாற்றிச் சொல்ல முடியாது என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை மின்சார ரயிலில் நான்கு பேரும் ஒன்றாகவே போனார்கள். ஒரே பெட்டியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எதிரில் இருந்த பூக்காரம்மா, என்ன பரீட்சை என்று விசாரித்தாள்.

நேர்காணல் செய்தவர் தேவயானி என்ற பெண் அதிகாரி. அவர் முதலில் வேடியப்பனைக் கூப்பிட்டார். பேப்பரில் சுருட்டை முடி, எதிரில் சந்தனம் பூசிய மொட்டை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றான் வேடியப்பன். "வண்டி ஓட்டறதுல மாத்தம் இல்ல."

அவனை வெளியே அழைத்துப் போய் வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினான். பிறகு மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும் வேலையைப் பற்றி நிறைய கேட்டார். எல்லோரிடமும் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று.

"நாலு பேப்பரையும் சேத்து வச்சுப் படிச்சேன். ஒன்னுக்கொன்னு பொருந்துது. அப்படிப் பொருந்தறத நான் பாத்ததில்ல, அதனாலதான் நாலு பேரையும் கூப்பிட்டேன். இது யாரோட யோசனை?"

வேடியப்பன் பாவா என்றான். ஷாலினி தணிகாசலம் அண்ணா என்றாள். அசோக்குமார் உள்ளே போய் உட்கார்ந்தார். தேவயானி அதே கேள்வியைக் கேட்டபோது, தன் யோசனைதான் என்று ரயிலில் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில் வாய்வரை வந்தது. மேற்பார்வையாளர் இடம் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

"தணிகாசலத்தோட யோசனை மேடம்," என்றார். பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னார். "நான் மொதல்ல அழிக்கச் சொன்னேன்."

தேவயானி சிரித்தார். "அப்புறம் ஏன் மாத்திக்கிட்டீங்க?"

"தொடப்பம் எடுத்தார ஆள் போயிருந்தான். அவன் வர்றதுக்குள்ள ஒரு லாரி முழு லோடும் ஏத்திகினு கெளம்பிடுச்சு மேடம்."

தணிகாசலம் உள்ளே போனபோது மணி பன்னிரண்டரை. அந்தக் கேள்விக்கு அவர், "நாங்க..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா காத்திருந்தார். தணிகாசலம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என்னோடதுங்க," என்றார்.

அந்த அறையில் அதைச் சொன்னது வேறு யாரோ போல அவருக்கு இருந்தது. ஆனால் சொன்ன பிறகு பேச்சு தடையில்லாமல் வந்தது. சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட்டை வைத்தால் வாசனை ஏறுமே, எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவரே கேள்வி கேட்கும் அளவுக்கு வந்தது. தேவயானி அதைக் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் முடிவு வந்தது. தணிகாசலத்துக்கு, விளம்பரத்தில் இல்லாத ஒரு வேலை. லாரிக்கு லோடு எப்படி அடுக்குவது என்று முடிவு செய்கிற பொறுப்பு. ஜெயம்மா நல்ல வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்து, தூக்கில் தமயந்தியின் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். வேடியப்பனுக்கும் வேலை கிடைத்தது. ஷாலினியைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து அடுத்த மாதம் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் இடத்துக்கு மருந்துக் கிடங்கில் இருந்து வந்த வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அசோக்குமாருக்குக் கிடைக்கவில்லை.

அவர் மறுபடி கடைக்கு வந்தார். தமயந்திக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்த மூன்று பேருக்கும் வழி செய்து, இவரை மட்டும் தெருவில் விட்டுவிட்டோமோ என்று முடிவு தெரிந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மனசு கஷ்டமா இருக்குதா சார்?"

"மொத ரெண்டு நாளு இருந்துச்சு," என்றார். "வீட்ல கேட்டாங்க, ஏன் உண்மைய சொன்னேன்னு. எனக்கும் தெரியல. வாயில வந்துடுச்சு." ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொதட்டூர்பேட்டையில லுங்கி அனுப்பற எடத்துல ஆள் கேக்கறாங்க. புது ரெஸ்யூம் ஒன்னு போடணும். லாரி சமாச்சாரம் ஒரு வரி போதும்."

"வேற என்ன இருக்குது சொல்ல?"

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். தன்னுடைய ஷிப்டில் ஒன்பது வருஷமாக யாருக்கும் கை கால் அடிபட்டதில்லை என்றார். அதற்கு முன் வருஷத்துக்கு ஐந்தாறு பேராவது கட்டுப் போட்டுக்கொண்டு போவார்களாம். ஐந்து பெட்டிக்கு மேல் அடுக்கக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தினாராம்.

"இத்த ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

"யாருக்கும் எதுவும் நடக்கலன்றத எப்படி மேடம் சாதனைன்னு சொல்றது?"

தமயந்தி அதை முதல் வரியாகப் போட்டாள்.

லுங்கிக் கம்பெனியில் அவரை எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் ஒரு ஜெராக்ஸுக்காக வந்தபோது, வேலை எப்படி இருக்கிறது என்று தமயந்தி கேட்டாள். காலை ஏழரை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார இடம் கிடைக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் சொன்னார்.